பதிலிடு பொத்தானுக்குப் பின்னால்

1973 கோடையில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 17 வயது இளைஞர் ஒருவரிடம் ஒரு சிறிய வேலை ஒப்படைக்கப்பட்டது. அங்கே பிளேட்டோ என்ற கணினி அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக உருவானது அது. ஏதாவது கோளாறு கண்ணில் பட்டால் பயனர்கள் ஒரு பொதுக் கோப்பைத் திறந்து, அதில் தங்கள் புகாரைத் தட்டச்சு செய்துவிட்டுப் போவார்கள். அந்தக் கோப்பில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதியவர் தானாகப் பெயர் போட்டால்தான் உண்டு. போட்ட பெயர் உண்மைதானா என்று பார்க்கவும் வழியில்லை. எவராவது குறும்புக்காரர் மொத்தக் கோப்பையும் அழித்துவிட்டுப் போவதும் நடந்தது.

இதற்கு ஒரு புரோகிராம் எழுதித் தரும்படி டேவிட் வூலி என்ற அந்த இளைஞரிடம் கேட்டவர், அமைப்பின் மென்பொருள் குழுவைக் கவனித்துவந்த பால் டென்சார். பயனர் புகார் எழுத வேண்டும், ஊழியர் அதன் கீழே ஒரு பதில் எழுத வேண்டும், இவ்வளவுதான் தேவை. ஒரே பதிலில் பேச்சு முடியாது என்று வூலிக்குத் தோன்றியது. ஒவ்வொரு குறிப்புக்கும் 63 பதில்கள் வரை வரலாம் என்று வைத்தார். எழுதியவர் பெயர், தேதி, நேரம் மூன்றையும் கணினியே பதியும்படி செய்தார். அடுத்தவர் எழுதியதில் கைவைக்க முடியாது. ஆகஸ்டில் ‘நோட்ஸ்’ பயன்பாட்டுக்கு வந்தது. புகார் சொல்ல வந்தவர்கள் அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் அதைப் பார்த்துப் பழகிய ரே ஓஸி, பிற்பாடு அதே யோசனையிலிருந்து லோட்டஸ் நோட்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கினார்.

இன்று இணையத்தில் கருத்துக்களம் என்று சொல்லப்படும் எதைத் திறந்தாலும் வூலி எடுத்த முடிவுகள் அங்கே இருக்கின்றன. ஒரு பதிவு, அதன் கீழே மறுமொழிகள், ஒவ்வொன்றுக்கும் பெயரும் நேரமும். இழை என்று தமிழில் வழங்கும் வடிவம் அதுதான். பார்க்க எளிதாக இருக்கும் இந்த வடிவத்துக்குள் மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்வார்கள் என்பது முன்கூட்டியே பாதி தீர்மானமாகிவிடுகிறது. அடுத்தவர் எழுத்தை அழிக்கலாம் என்றிருந்தபோது அழித்தார்கள். 63 பதில்கள் வரை வரலாம் என்றானதும் உரையாடினார்கள். கருத்துக்களத்துக்கு வசதிகள் வடிவமைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்த ஒரு கோடைக்காலக் கதை.

தொலைபேசி வழியாக வீட்டிலிருந்தே எட்டக்கூடிய முதல் கணினி அறிவிப்புப் பலகை 1978 பிப்ரவரி 16 அன்று சிகாகோவில் இயங்கத் தொடங்கியது. ஊரையே முடக்கிப்போட்ட பனிப்புயலின்போது வீட்டில் அடைபட்டிருந்த வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். கிறிஸ்டென்சன் மென்பொருளை எழுதினார். சூஸ் வன்பொருளைக் கவனித்தார். ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். ஒருவர் முடித்துவிட்டு வைத்த பிறகுதான் அடுத்தவருக்கு மணி அடிக்கும். அந்த ஏற்பாட்டில் இரண்டு பேர் ஒரே நொடியில் எழுதி ஒருவர் பதிவை மற்றவருடையது விழுங்கிவிடும் தொல்லை வரவே வழியில்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும் இன்றைய களங்களில் புரோகிராமர்களின் தூக்கத்தைக் கெடுப்பதில் அதுவும் ஒன்று.

மறுமொழிகள் பெருகியபோது எதை மேலே காட்டுவது என்ற கேள்வி எழுந்தது. ஸ்லாஷ்டாட் என்ற தளம் 1990-களின் இறுதியில் ஒரு வழி கண்டது. வாசகர்களிலிருந்தே சிலரைக் கணினி அவ்வப்போது பொறுக்கியெடுத்து, மதிப்பெண் போடும் உரிமையைச் சிறிது காலத்துக்குக் கொடுத்தது. பதிவுகளுக்கு மைனஸ் 1 முதல் 5 வரை மதிப்பெண். எந்த விவாதத்தில் மதிப்பெண் போடுகிறாரோ அந்த விவாதத்தில் அவர் பேசக் கூடாது. நடுவரே ஆட்டத்தில் இறங்கக் கூடாது என்ற பழைய நியாயத்தைப் புரோகிராமுக்குள் கொண்டுவந்த நல்ல வடிவமைப்பு அது.

ரெடிட் தளம் வாசகர் எல்லாருக்கும் ஓட்டு கொடுத்தது. பிடித்தால் மேல் அம்பு, பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. மேலிலிருந்து கீழைக் கழித்தால் வரும் எண்ணை வைத்து மறுமொழிகளை வரிசைப்படுத்தினால் ஓர் அநியாயம் நடக்கும். முதலில் வந்தவர் மேலே நிற்பார். மேலே நிற்பதால் பலர் கண்ணில் படுவார். கண்ணில் படுவதால் மேலும் ஓட்டு விழும். இரண்டு மணிநேரம் கழித்து யாராவது விஷயம் தெரிந்தவர் வந்து பொறுமையாக எழுதினால் அது அடியிலேயே கிடக்கும். சரி, விழுக்காட்டை வைத்துப் பார்க்கலாம் என்றால் அதிலும் சிக்கல். ஒரே ஒரு ஓட்டு வாங்கி அதுவும் மேல் ஓட்டாக இருந்தால் நூற்றுக்கு நூறு. 100 ஓட்டில் 90 வாங்கிய மறுமொழி அதற்குக் கீழே போய்விடும்.

இதற்குத் தீர்வு 1927-இல் எட்வின் வில்சன் என்ற கணித அறிஞர் எழுதிவைத்த ஒரு சூத்திரத்தில் இருந்தது. கேலிச்சித்திரக்காரர் ராண்டல் மன்றோவின் யோசனைப்படி 2009-இல் ரெடிட் அதை எடுத்துக்கொண்டது. இதுவரை விழுந்த ஓட்டுகளை ஒரு மாதிரிக் கணக்கெடுப்பாக மட்டும் பார்ப்பது இதன் அடிப்படை. எல்லாரும் ஓட்டுப் போட்டிருந்தால் இந்த மறுமொழிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு ஆதரவு இருக்கும் என்று நம்பிச் சொல்லலாம்? 95 விழுக்காடு உறுதியோடு கணக்கிட்டால், ஒன்றுக்கு ஒன்று வாங்கியவருக்கு 21 விழுக்காடுதான் கிடைக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவருக்கு 83. சான்று குறைவாக இருக்கும்போது கணக்கு தானாகவே அடக்கி வாசிக்கிறது; தாமதமாக வந்த நல்ல மறுமொழிக்கு நாலைந்து ஓட்டு விழுந்தாலே மேலே ஏற வழி பிறக்கிறது. வாசகர் கண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. நல்ல பதில் மேலே இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

பெரிய சூத்திரம் தேவைப்படாத வசதிகளும் உண்டு. அவற்றில்தான் தினசரி வழக்குகள் அதிகம். ஒரே பதிவு இரண்டு முறை விழுவது அவற்றில் மிகப் பழையது. இணைப்பு மெதுவாக இருக்கிறது, ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை, உறுப்பினர் மறுபடி அழுத்துகிறார். சர்வருக்கு இரண்டு கோரிக்கைகள் போய்விடுகின்றன. ஒரு முறை மட்டும் அழுத்துங்கள் என்று அறிவிப்பு ஒட்டிவைத்த களங்கள் பல. அது பயன்படாது, அவசரத்தில் இருப்பவர் அறிவிப்பைப் படிப்பதில்லை. எழுதும் பெட்டியைத் திறக்கும்போதே அதற்கு ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் ரகசிய எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் முதல் பதிவையே காட்டுவதுதான் சரியான வழி. தவறு செய்ய இடமில்லாமல் செய்துவிட்டால் யாரையும் கண்டிக்க வேண்டியதில்லை.

திருத்தும் வசதி இன்னும் நுட்பமானது. எழுத்துப்பிழையைத் திருத்த எல்லாருக்கும் உரிமை வேண்டும். ஆனால் பத்துப் பேர் பதில் சொன்ன பிறகு மூலப் பதிவை ஒருவர் முற்றிலும் மாற்றிவிட்டால், அந்தப் பத்துப் பேரும் சம்பந்தமில்லாமல் உளறியவர்களாகத் தெரிவார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் கருத்துகளைத் திருத்த 5 நிமிடம் மட்டும் தருகிறது. டிஸ்கோர்ஸ் என்ற களமென்பொருள் பழைய வடிவங்களையும் சேமித்துவைத்து, எது மாறியது என்று காட்டுகிறது. அதே மென்பொருளில் உறுப்பினர்களுக்கு 0 முதல் 4 வரை நம்பிக்கைப் படிகள் உண்டு. புதிதாக வந்தவர் படங்களையும் இணைப்புகளையும் அளவோடுதான் போட முடியும். நாலு இழைகளைப் பொறுமையாகப் படித்தவருக்குக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. விளம்பரக் குப்பையைக் கொட்ட வருகிறவருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

வசதி என்று சேர்த்தது வாசலாகிப் போன கதையும் உண்டு. பிஎச்பிபிபி என்ற இலவசக் களமென்பொருளை 2004-இல் உலகெங்கும் ஏராளமான களங்கள் பயன்படுத்தின. தேடிவந்த சொல்லைப் பக்கத்தில் வண்ணமிட்டுக் காட்டும் சின்ன வசதி அதில் இருந்தது. அந்தச் சொல்லை முகவரியிலிருந்து எடுத்துக் கையாண்ட விதத்தில் ஓர் ஓட்டை. சொல்லுக்குப் பதிலாகக் கட்டளையை அனுப்பினால் சர்வர் அதைச் செய்துமுடித்துவிடும். நவம்பரிலேயே ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வந்துவிட்டது. பல களக்காரர்கள் அதை நிறுவவில்லை. டிசம்பரில் சாண்டி என்ற புழு கிளம்பி, கூகுளில் தேடியே அடுத்த பலியைக் கண்டுபிடித்து, பல்லாயிரம் தளங்களின் பக்கங்களை அழித்தது. கூகுள் அந்தத் தேடல்களைத் தடுத்த பிறகே அதன் வேகம் அடங்கியது.

கோளாறு கண்டறியும் கலையைக் கற்க விரும்புகிறவர்களுக்கு 2016 ஜூலை 20 அன்று நடந்ததைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் செயலிழந்தது. யாரும் தாக்கவில்லை, வன்பொருள் எதுவும் பழுதாகவில்லை. யாரோ ஒரு பயனர் ஒட்டிய புரோகிராமில், ஒரு வரியின் நடுவே சுமார் 20,000 வெற்றிடங்கள் வரிசையாக இருந்தன, அவ்வளவுதான்.

வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை வெட்டிவிட ஒரு விதி அந்தத் தளத்தில் இருந்தது. வரி முடிவில் வெற்றிடங்கள் உள்ளனவா என்று பார்க்க, அது முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000-ஐயும் எண்ணிக்கொண்டே போகும். கடைசியில் வேறொரு எழுத்து நிற்பதைக் கண்டதும் ‘இது வரியின் முடிவில்லை’ என்று கைவிட்டு, இரண்டாவது வெற்றிடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அங்கிருந்து 19,999. பிறகு 19,998. கூட்டிப் பார்த்தால் சுமார் 20 கோடிச் சரிபார்ப்புகள், அதுவும் ஒரே ஒரு வரிக்கு. அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தின் பட்டியலில் வந்து உட்கார்ந்ததால், முகப்பைத் திறந்த ஒவ்வொரு முறையும் இந்த வேலை நடந்தது. சர்வர்கள் மூச்சுத் திணறின.

எந்த சர்வர் நலமாக இருக்கிறது என்று அறிய, சுமையைப் பங்கிடும் கருவி முகப்புப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கும். முகப்பு வரத் தாமதமானதும் ஒவ்வொரு சர்வரையும் ‘செத்துவிட்டது’ என்று அது ஒதுக்கிவிட்டது. மற்ற பக்கங்கள் நன்றாகவே இயங்கியிருக்கக்கூடும்; ஆனால் தளம் முழுவதும் படுத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க 10 நிமிடம், திருத்தம் எழுத 14 நிமிடம், எல்லா சர்வர்களிலும் ஏற்ற 10 நிமிடம். அந்த விதியை எடுத்துவிட்டு, இரு முனைகளிலிருந்தும் நேராக எண்ணி வெட்டும் எளிய முறையை வைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதற்காக அந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும். பல புரோகிராமர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் தளத்தில் அதே விதி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

ரெடிட்டும் ஒருமுறை அப்படி வெளிப்படையாக எழுதியது. 2023 மார்ச் 14 அன்று அது 314 நிமிடம் முடங்கியது. சர்வர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்ற மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியபோது தலைமைக் கணினிகள் மீதிருந்த ‘மாஸ்டர்’ என்ற அடையாளச்சீட்டு நீக்கப்பட்டிருந்தது. உள் வலைப்பின்னலின் வழித்தட அமைப்பு அந்தச் சீட்டை நம்பித்தான் எழுதப்பட்டிருந்தது. சீட்டு போனது, வழிகளும் போயின. அந்த அமைப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் செய்தவர்களில் ஒருவரும் அப்போது குழுவில் இல்லை. அது இருப்பதே இருந்தவர்களுக்குத் தெரியாது. கடைசியில் பேக்அப்பிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பினார்கள்.

தமிழில் களம் நடத்துகிறவர்களுக்கு இவையெல்லாம் போக, தனியாக ஒரு கோளாறு வரிசை உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ்க் களங்கள் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறிமுறைகளில் இயங்கின. எழுதியவரும் படிப்பவரும் ஒரே ஃபான்ட் வைத்திருந்தால் தமிழ் தெரியும். இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் ஐரோப்பியக் குறிகளும் கலந்த கூளம். களம் யூனிகோடுக்கு மாறிய பிறகும் பழைய பதிவுகள் கூளமாகவே நிற்கும். பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் ஒட்டி ஒட்டி அவற்றை மீட்டெடுத்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ‘வணக்கம்’ என்பதைத் தமிழர் எண்ணினால் 5 எழுத்து. கணினிக்கு அது 7 குறிகள், ஏனென்றால் இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறிகள். சேமிக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 21. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துத் தலைப்புக்கு 60 பைட் ஒதுக்கிய களத்தில் தமிழ்த் தலைப்பு 20 குறிகளோடு நின்றுவிடும். அரைகுறையாக வெட்டினால் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வந்து நிற்கும். முன்னோட்டத்தில் வரியை வெட்டும்போது புள்ளி மட்டும் உதிர்ந்து ‘வந்தார்’ என்பது ‘வந்தார’ ஆவதும் இதே ரகம்.

களப் பொறுப்பாளர் ஒருவருக்கு வரக்கூடிய புகாரை எடுத்துக்கொள்வோம். “அண்ணா, என் பதிவு பாதியிலேயே நின்னுடுது. மூணு தடவை போட்டுட்டேன்.” இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எந்த இழை, கைபேசியா கணினியா, எந்த வார்த்தைக்குப் பிறகு நிற்கிறது என்று பொறுப்பாளர் கேட்கிறார். “நன்றின்னு போட்டேனே, அதோட சரி.” நன்றிக்குப் பிறகு என்ன இருந்தது? ஒரு கும்பிடும் கை எமோஜி. அங்கேதான் விடை இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் யூடிஎஃப்8 என்று நெடுங்காலம் வழங்கிய குறிமுறை ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் அதற்குள் அடங்கிவிடும். எமோஜிக்கு 4 வேண்டும். கண்டிப்பில்லாத அமைப்பில் டேட்டாபேஸ் சத்தமில்லாமல் எமோஜியிலிருந்து கடைசிவரை எல்லாவற்றையும் வெட்டிவிடும். யூடிஎஃப்8எம்பி4 என்ற முழுமையான குறிமுறை 2010-இலேயே வந்துவிட்டாலும், அது இயல்பாக அமைந்தது 2018-இல் வெளிவந்த 8.0 பதிப்பில்தான். பழைய களங்களில் அட்டவணைகளைக் கையால் மாற்ற வேண்டும், முதலில் பேக்அப் எடுத்துக்கொண்டு.

இப்படிப்பட்ட புகாரில் உறுப்பினர் சொல்லும் காரணத்தைவிட அவர் செய்த செயல்களின் வரிசைதான் முக்கியம். ‘சர்வர் சரியில்லை’ என்று அவர் சொன்னால் அது அவருடைய ஊகம். எமோஜி போட்டது அவருடைய அனுபவம். அனுபவத்தைக் கேட்டு வாங்கி, அதே படிகளைத் தானும் செய்து, கோளாறைத் தன் கண்முன் வரவழைத்துப் பார்க்கும்வரை திருத்தத்தில் இறங்கக் கூடாது. புகார்ப் பகுதியில் ‘என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது’ என்று மூன்று பெட்டிகளை முன்பே வைத்திருக்கும் களங்களில் பாதி விசாரணை தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

தேடல் வேலை செய்யவில்லை என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் எழுத்துகள் ஒளிந்திருக்கும். ‘கொ’ என்பதில் ககரத்தோடு சேரும் ஒகரத்தை ஒரே குறியாகவும் பதியலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு அவை வேறு வேறு. சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் என்ற முறையை யூனிகோடே வகுத்திருக்கிறது. களமென்பொருளில் அதை முடுக்கிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும்.

‘கௌரி’யில் அது உதவாது. பலர் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு ளகரத்தைத் தட்டி ‘கெளரி’ என்று எழுதிவிடுகிறார்கள். யூனிகோடின் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு எழுத்துகள், எனவே இயல்பாக்கம் அதைத் தொடாது. ஒரு உறுப்பினர் ‘கௌரி’ என்ற பெயரில் இருக்கும்போது இன்னொருவர் ‘கெளரி’ என்று பதிவு செய்து அவர்போலவே பேசவும் முடியும். இதற்குக் களக்காரர்தான் விதி எழுத வேண்டும். பெயர்ப்பதிவின்போதும் தேடலின்போதும் இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும், பதிவின் உடலில் எழுதியதை எழுதியபடியே விட்டுவிட வேண்டும். ‘கெளிறு’ என்று மீனின் பெயரை எழுதுகிறவருக்கு அங்கே ளகரம் உண்மையிலேயே தேவைப்படும்.